ருகி என்றொரு ஊர்

மலேசியாவுக்கு வந்த புதிதில், ருகி என்றொரு ஊர் இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். சுவா என்ற சிற்றூரிலிருந்து உள்ளே திரும்பும் சாலையில், செம்பனை என்று இங்கே சொல்லும் எண்ணெய்ப்பனை மரங்கள் இரண்டு பக்கமும் நெருக்கி நிற்கும் இடத்தில்தான் எங்கள் தோட்டத்தின் முகப்பு. அங்கே ஒரு பேருந்து நிறுத்தம் உண்டு. தகரக் கூரை, சிமெண்டு இருக்கை, மழைச்சாரல் அடிக்காமல் இருக்க ஒரு பக்கச் சுவர். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், போர்ட்டிக்சன் பாசாருக்குப் போய் மீன் வாங்கி வரலாம் என்று கூடையோடு அங்கே போய் உட்கார்ந்தேன். நிறுத்தம் என்று ஒன்று இருந்தால் பேருந்து வரும். மன்னார்குடிப் பக்கத்தில் பிறந்தவளுக்கு இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? வெயில் ஏறிக்கொண்டே போனது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் வண்டியை நிறுத்தி, "துங்கு ஆப்பா, காக்?" என்றார். அப்பாவைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்து, "அப்பா இந்தியா" என்றேன். அவர் குழம்பிப்போய்த் தலையைச் சொறிந்தார். எதற்குக் காத்திருக்கிறாய், அக்கா என்று கேட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. என் கூடையையும் நிறுத்தத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "பஸ்? பஸ் ருகி, காக்" என்று கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்.

பேருந்து ருகிக்குப் போயிருக்கிறது, திரும்பி வரும் என்று இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கணவர் நீலாயில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்ததும், "ருகி எங்கங்க இருக்கு? ரொம்ப தூரமா?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ரோஸ்மேரி அக்கா எட்டிப் பார்த்தார். "ருகின்னா நஷ்டம் லா. பஸ் நஷ்டத்துல ஓடுச்சு, நீ வர்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி நிறுத்திட்டாங்க" என்றார் கணவர், இந்த நாட்டு வழக்கப்படி பேச்சில் ஒரு லா சேர்த்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை நான் ஏறிய எந்தப் பேருந்தும் லாபத்தில் ஓடுகிறதா நஷ்டத்தில் ஓடுகிறதா என்று யோசித்ததே இல்லை. அந்தக் கேள்வியைப் பேருந்தைப் பார்த்துக் கேட்கலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

ஊரில் எங்களுடையது கடைசிக் கிராமம். அதற்கு அப்பால் சாலை கிடையாது, வாய்க்காலும் வயலும்தான். அங்கே வரும் அரசுப் பேருந்தில் மத்தியான நேரத்தில் ஓட்டுநரும் நடத்துநரும் மட்டும் பேசிக்கொண்டு வருவார்கள். மழை பெய்தால் உள்ளே குடை பிடித்திருக்கிறோம். நடுவழியில் நின்றுபோய் இறங்கித் தள்ளியிருக்கிறோம். அது சொர்க்க ரதம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் எல்லோரும் பன்னிரண்டாவது முடித்தோம் என்றால், அந்தப் பேருந்து காலையில் வந்ததும் சாயங்காலம் திரும்பி வந்ததும்தான் காரணம். வீட்டில் படிக்க வைப்பதா வேண்டாமா என்று அப்பாக்கள் தனித்தனியாக யோசித்து முடிவெடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. பேருந்து வந்தது, நாங்கள் ஏறினோம். அவ்வளவுதான்.

இங்கே வந்தபின் இதைப் பற்றிக் கணவரோடு பலமுறை வாதாடியிருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை, கணக்கானவர். "கம்பெனிக்காரன் ஏன் லா காலி பஸ்ஸ ஓட்டணும்? எண்ணெய்க்கு யார் குடுப்பா? ஆளுக்கு ஒரு மோட்டார் இருக்கு, காடி இருக்கு. யார் ஏறுவா?" என்பார். கார் என்பதை இவர்கள் காடி என்கிறார்கள். மோட்டாரும் காடியும் இல்லாதவர்கள் யார் என்று தோட்டத்தில் நான் பார்த்துக்கொண்டு வந்தேன். என்னைப் போன்ற மருமகள்கள். கண் மங்கிப்போன பெரியவர்கள். மேல்படிப்புக்குப் போக வேண்டிய பெண் பிள்ளைகள். நோயாளிகள். இவர்கள் எல்லாம் "யாருமில்லை" என்ற கணக்கில் வருகிறவர்கள். இதில் ஒரு வேடிக்கை, என் கணவரை ஏற்றிப்போக விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து தோட்டத்து முகப்புக்கே வருகிறது. பாதி இருக்கைகள் காலியாகத்தான் போகும். தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும், அதனால் அந்தச் சாலையில் அந்தப் பேருந்துக்கு நஷ்டமே இல்லை. ஒருநாள் அதில் ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "வெளியாள ஏத்தக் கூடாதும்மா, இன்சூரன்ஸ் இல்ல" என்று ஓட்டுநர் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்.

ரோஸ்மேரி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சொந்தம் அவர். கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக இருந்தவர் என்பதால், இங்கே இளவட்டங்களில் பாதிப் பேர் அவர் மடியில் தூங்கியவர்கள். ஒரே மகள் ஜெனிட்டா சிரம்பான் நகரத்தில், தெமியாங் பகுதியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். தினமும் காலையில் வேலி ஓரம் வந்து, "கலா, பசியாறியாச்சா?" என்று கேட்பார். காலைச் சாப்பாட்டைக் கேட்கிறார் என்று புரிந்துகொள்ளவே எனக்குச் சில நாள் பிடித்தது. நான் வந்த மூன்றாம் வருடம் அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் மூன்று முறை சிரம்பானுக்குப் போய் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அந்த மையம் நன்கொடையில் நடக்கிறது, அக்காவிடம் பெயருக்குத்தான் காசு வாங்கினார்கள். "மிஷினு தர்மத்துல ஓடுது கலா. அந்த மிஷினுகிட்ட போறதுக்குத்தான் தர்மம் இல்ல" என்று அக்கா சொல்வார்.

அக்காவை ஏற்றிப் போனது வேன் மணியம் அண்ணன். பேருந்து நின்றபின் பழைய வேன் ஒன்றை வாங்கி, போர்ட்டிக்சனில் இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு அக்காவைச் சிரம்பானுக்குக் கொண்டுபோவார். ஜெனிட்டா வேலை முடிந்து திரும்பக் கொண்டுவந்து விடுவாள். பேருந்து நின்றதால் பிழைப்புக் கிடைத்தவர் மணியம் அண்ணன் ஒருவர்தான். "பஸ் மறுபடி வரணும்னு கோயில்ல வேண்டிக்கிறீங்களாமே தங்கச்சி? என்னை நெனச்சுப் பாத்தீங்களா?" என்று என்னிடம் பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் கேட்டிருக்கிறார். நான் சிரித்து மழுப்பினேன். அவருக்கும் மூன்று பிள்ளைகள்.

அந்த மழைக்காலத்தில் வேன் பழுதாகிப் பட்டறைக்குப் போனது. அக்கா போக வேண்டிய நாள். ஜெனிட்டாவின் முதலாளி அவளுக்கு விடுப்புத் தரவில்லை. கைபேசியில் வாடகைக் காடி கூப்பிட்டோம். ஒருவர் ஒப்புக்கொள்வார், தோட்டத்துச் சாலை என்று பார்த்ததும் ரத்து செய்வார். இன்னொருவர் ஒப்புக்கொள்வார், ரத்து செய்வார். திரும்பும்போது ஆள் கிடைக்காது, வெறும் வண்டியோடு போக வேண்டும். அவர்களுக்கும் அதே ருகிதான். "விடு லா, அடுத்த தடவ போயிக்கலாம்" என்றார் அக்கா. முகம் வீங்கியிருந்தது. உடம்பில் நீர் தேங்கிவிடும் என்று, தண்ணீர் குடிக்காமல் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் வேலியோரம் அக்காவைக் காணவில்லை என்று உள்ளே போனேன். நாற்காலியின் முன்பக்கம் சாய்ந்து, மேசையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு விடும்போது தொண்டைக்குள் நீர் கொதிப்பது போல ஒரு சத்தம். பேச முடியவில்லை. ஆம்புலன்ஸுக்கு அழைத்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். எந்த வரிசை, எந்த எண், எந்தச் சாலை? எங்கள் வீடுகளுக்கு எண் கிடையாது. கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது லயத்து வீட்டு வரிசை என்பதை மலாயில் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் கொட்டினேன். "செம்பனை, கோயில், பக்கம்" என்று தமிழும் கலந்துவிட்டது. வண்டி ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, கொஞ்சம் நேரமாகும், காத்திருங்கள் என்றாள். கணவரின் கைபேசி தொழிற்சாலைப் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கும். மழை கூரையை உடைப்பது போலக் கொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மணியம் அண்ணனின் வேன் சத்தம் கேட்டது. அன்று காலைதான் பட்டறையிலிருந்து எடுத்து வந்திருந்தார்.

மழையில் ஓடிப்போய் வேனின் முன்னால் நின்றேன். கண்ணாடியை இறக்கினார். "அக்காவுக்கு மூச்சு முட்டுது அண்ணே. உடனே ஆஸ்பத்திரிக்கு" என்றேன். அவர் முகம் வெளிறியது. "பிள்ளைங்க ஸ்கூல் விட்டு ரோட்டுல நிக்கும் தங்கச்சி. இந்த மழையில..." என்றவர், ஒரு நிமிடம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எதையும் பார்க்காமல் இருந்தார். பிறகு இறங்கி ஓடினார். அக்காவை நாற்காலியோடு தூக்கி வந்து நடு இருக்கையில் உட்கார வைத்தோம். படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடும் போல இருந்தது. அவரை என் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் பள்ளி. வாசலில் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நனைந்து நின்றார்கள். லாரிகள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போயின. அவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போக அவரால் முடியவில்லை, என்னாலும் போகச் சொல்ல முடியவில்லை. நிறுத்தினார். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஏறி, அக்காவைப் பார்த்ததும் ஒரேயடியாக அடங்கிப்போனார்கள். அந்த மௌனத்தில் அக்காவின் மூச்சுச் சத்தம் மட்டும் வேன் முழுக்க நிறைந்தது. அடுத்த சந்திப்பில் இடப்பக்கம் திரும்பினால் தோட்டத்துக்குச் சுற்றித் திரும்பும் சாலை, நேரே போனால் ஆஸ்பத்திரி. முன்னால் வெள்ளம் சாலையை மூடிக் கிடந்தது, காடிகள் ஊர்ந்தன. மணியம் அண்ணன் இடப்பக்கம் திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் கைபேசி அடிக்கத் தொடங்கியது. ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று. அவர் அதை எடுத்து என் பக்கம் நீட்டி, "நீ பேசு" என்றார். "பிள்ளைங்க எங்க? ஏன் இன்னும் வரல?" என்று ஒரு தாயின் குரல். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று அவசரத்தில் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்தில் ஒரு அலறல். "பிள்ளைகளுக்கு ஒண்ணுமில்லீங்க, பிள்ளைகளுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று கத்தினேன். வெள்ளத்தில் வேன் ஒருமுறை நழுவி நேரானது. பின்னால் ஒரு சிறுமி அழ ஆரம்பித்தாள். அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கியிருந்தன. திடீரென்று அந்தப் பிடி தளர்ந்தது. "அக்கா, என்னைப் பாருங்கக்கா" என்றேன். கண் பாதி மூடியிருந்தது. மணியம் அண்ணன் பின்பார்வைக் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே ஹாரனை அழுத்தியபடி ஓட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியோடு ஓடி வந்தார்கள். அக்காவை உள்ளே கொண்டுபோனதும் ஒரு மலாய்த் தாதி என் ஈரத் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். நான் கேட்டதில் "லம்பாட்" என்ற சொல் மட்டும் புரிந்தது. தாமதம். செத்துவிட்டார் என்று சொல்கிறாள் என்று நினைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பதறிப்போய் என்னைத் தூக்கி, "திடாக், திடாக்", இல்லை இல்லை என்று தன் நெஞ்சைத் தொட்டு மூச்சை இழுத்து விட்டுக் காட்டினாள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அக்கா பிழைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மணியம் அண்ணன் வீட்டு வாசலில் பெற்றோர்கள் கூடினார்கள். "எம்புள்ளைய வச்சிக்கிட்டு வெள்ளத்துல ஓட்ட நீ யாரு? ஏதாச்சும் ஆயிருந்தா?" என்று ஒரு தகப்பன் கேட்டார். அவர் கேட்டதில் தவறு சொல்ல முடியாது. சிறுவயதில் அவரையும் ரோஸ்மேரி அக்காதான் தூக்கி வளர்த்தார், அவர் கண்ணிலும் நீர் இருந்தது. ஆனாலும் மறுவாரத்திலிருந்து தன் பிள்ளையைத் தானே மோட்டாரில் கொண்டுபோய் விட்டார். இன்னும் சிலரும் அப்படியே செய்தார்கள். மணியம் அண்ணன் யாரிடமும் வாதாடவில்லை. ஒரு ஊர் சேர்ந்து சுமக்க வேண்டியதை ஒரு மனிதன் தலையில் வைத்தோம், அவர் தடுமாறியபோது அவரையே குற்றம் சொன்னோம்.

இந்தச் சம்பவம் வெளியே பேச்சாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஒரு அதிகாரி வந்தார். பேருந்து நிறுவனத்தின் மேலாளரும் வந்தார். தமிழர்தான், மரியாதையாகப் பேசினார். "நாங்க காலி சீட்ட ஏத்திக்கிட்டுப் போயி காலி சீட்ட எறக்கிட்டு வந்தோம். கம்பெனின்னா லாபம் பாக்கணும். இல்லன்னா டிரைவருக்கு நான் எப்படி சம்பளம் கொடுக்கறது, நீங்களே சொல்லுங்க?" என்றார். நான் எழுந்தேன். "ஐயா, வாசல்ல தெருவிளக்கு எரியுது. அது என்ன சம்பாதிக்குது? இந்தச் சாலைய போட்டாங்க, சாலைக்கு லாபம் வந்துச்சான்னு யாரும் கேக்கல. அதுல பஸ் வரும்போது மட்டும் ஏன் கேக்குறீங்க? உங்களால முடியலன்னா நீங்க ஓட்ட வேணாம். ஆனா யாராவது ஓட்டித்தான் ஆகணும்" என்றேன். பின்வரிசையில் ஒருவர், "இந்த அம்மா ஊர்லேருந்து வந்தவங்க. இவங்களுக்கு இங்க ஓட்டே இல்ல" என்றார். சிலர் சிரித்தார்கள். கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. நிற்கவும் தெரியவில்லை. இந்த நாட்டில் எனக்குப் பேச உரிமை இருக்கிறதா என்று உண்மையிலேயே எனக்குத் தெரியாது. கணவரின் பெயரில் வாங்கிய விசாவில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது மணியம் அண்ணன் எழுந்தார். பேருந்து வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். "பஸ் வந்தா என் வேன் படுத்துரும். எல்லாருக்கும் தெரியும்" என்றார். "வரட்டும். அன்னைக்கு ரோட்டையும் பாத்து, கண்ணாடியில அந்தக்காவோட மூச்சையும் பாத்துக்கிட்டே ஓட்டுனேன். பின்னால அத்தன பிள்ளைங்க. யார முதல்ல காப்பாத்துறதுன்னு ஒரு வேன்காரன் முடிவு பண்ணக் கூடாது சார். அந்த வேலை எனக்கு வேணாம்." மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி பரிசீலிப்பதாகச் சொன்னார். போகும்போது என்னிடம் வந்து, "உங்க பேச்சு நல்லா இருந்துச்சு" என்று பாராட்டினார். பேருந்து வரவில்லை.

பேருந்து வராததால் அக்கா தோட்டத்தை விட்டுப் போனார். ஜெனிட்டா பிடிவாதமாக நின்று தெமியாங்குக்குக் கூட்டிப்போய்விட்டாள். தன் கணவரின் கல்லறை இங்கே இருக்கிறது, எப்படி வருவேன் என்று அக்கா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். மணியம் அண்ணன் வேனை விற்றுவிட்டு நீலாயில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டப் போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது, அக்கா நான்காவது மாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். கீழே வரிசையாகப் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. "பாத்தியா, எத்தன பஸ்ஸு! எந்நேரமும் ஓடுது லா. எனக்குத்தான் போறதுக்கு எடம் இல்ல" என்றார். சுத்திகரிப்பு மையம் அங்கிருந்து நடந்துபோகும் தூரம். உடம்பு தேறியிருந்தது. குரல் மட்டும் தேறவில்லை.

சென்ற விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். மன்னார்குடியில் சாமான் வாங்கிக்கொண்டு நானும் அம்மாவும் எங்கள் ஊர்ப் பேருந்தில் ஏறினோம். இப்போது பெண்களுக்குக் கட்டணமே இல்லை. நடத்துநர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார், அம்மா அதை வளையலுக்குள் செருகிக்கொண்டாள். நான் என்னையறியாமல் திரும்பித் திரும்பிப் பின்னிருக்கைகளைப் பார்த்தேன். எங்களோடு ஒரு பெண், தூங்கும் ஒரு பெரியவர். மற்றதெல்லாம் காலி. இப்படி ஓடினால் எத்தனை நாள் விட்டுவைப்பார்கள்? இந்தப் பேருந்தில் இந்தப் பயத்தோடு நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. "யாரைடி தேடுற?" என்றாள் அம்மா. "ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

அப்போது கைபேசி அடித்தது. ரோஸ்மேரி அக்கா. "கலா, பசியாறியாச்சா? எங்க இருக்க, ஒரே சத்தமா இருக்கு?" என்றார்.

"பஸ்ல இருக்கேன்கா."

அவர் குரல் எழும்பியது. எழுந்தே நின்றுவிட்டார் என்று தோன்றியது. "பஸ்ஸுலயா! பஸ் வந்துருச்சா லா? நம்ம தோட்டத்துக்கா? கலா, நெசமாவா?"

நான் ஊருக்கு வந்திருப்பதை அவரிடம் சொல்ல மறந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நடவு முடிந்த வயல்கள் போய்க்கொண்டிருந்தன. "இல்லக்கா" என்றேன். "நான் இந்தியா வந்திருக்கேன். இது நம்ம பஸ் இல்லக்கா. இது வேற பஸ்."

அக்கா "ஓ" என்றார். பிறகு, அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கியது.

"ஏன்டி," என்றாள், "நம்ம பஸ்ஸ போயி வேற பஸ்ஸுங்கற?"